உதிராத மொறுமொறு சிக்கன்: முட்டை எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குள் நுழைந்தாலும் இஞ்சி பூண்டு வாசனை வரும். ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கி எழுவதற்குள் குழம்பு ஒரு பக்கம் கொதிக்கும். 'கடையில் வாங்குகிற மாதிரி மொறுமொறுன்னு வேணும்' என்று பிள்ளைகள் கேட்ட சிக்கன் இன்னொரு பக்கம் எண்ணெய்க்குக் காத்திருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வாணலியில் போட்ட இரண்டாவது நிமிடமே கோட்டிங் தனியாகவும் கறி தனியாகவும் பிரிந்துவிடும். உதிர்ந்த தூள் எண்ணெயின் அடியில் கருகும். அடுத்தடுத்து போடும் துண்டுகளில் அந்தக் கருகல் ஒட்டிக்கொண்டு கசக்கும். அரை கிலோ கறி, பாக்கெட் பிரெட் தூள், அரை லிட்டர் எண்ணெய் எல்லாம் வீண்.

'முட்டை சேர்த்தா ஒட்டும்' என்பது எல்லோரும் சொல்லும் வைத்தியம். உண்மைதான். ஆனால் முட்டையை ஊற்றியும் உதிர்கிறதே என்று புலம்புகிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் முட்டையைச் சேர்க்கும் வரிசை.

முதல் எதிரி ஈரம்

ஈரம் என்ன செய்யும் என்பது நெய்வேலிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தெரியவந்த கருப்புப் பொருளும், 1956-ல் தொடங்கிய என்.எல்.சி நிறுவனமும், 1962-ல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையமும்தான் இந்த ஊரின் கதை. இங்கு வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். கொதிகலனில் அது எரியும்போது, வெப்பத்தில் ஒரு பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

வாணலியிலும் இதே கதைதான். கழுவிய கறியை நன்றாக வடிக்காமல் மாவில் புரட்டினால், கறிக்கும் மாவுக்கும் நடுவில் தண்ணீர் தங்கிவிடும். சூடான எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் பெருகும். அந்த ஆவிக்கு வெளியேற வழி வேண்டும். அது கோட்டிங்கைத் தூக்கித் தள்ளிவிட்டுப் போகிறது. போதாக்குறைக்கு எண்ணெயின் சூட்டையும் குறைத்துவிடுகிறது.

எனவே முட்டையை உடைப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கறியைச் சல்லடையில் வைத்து வடித்து, சுத்தமான துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ ஒற்றி எடுக்க வேண்டும். ஃப்ரீசரில் இருந்த கறி என்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் ஐஸ் விட்ட பிறகே எடுக்க வேண்டும். பாதி உறைந்த கறி எண்ணெயில் போன பிறகு தண்ணீர் விடும். கடையிலேயே தோல் நீக்கித் தரச் சொல்வதும் நல்லது. தோலின் கொழுப்பு வழுக்கும். மாவு அதில் சரியாகப் பிடிக்காது.

முட்டை செய்யும் வேலை

முட்டையின் வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். மஞ்சள்கருவில் புரதத்தோடு கொழுப்பும், தண்ணீரையும் எண்ணெயையும் இணைத்து வைக்கும் லெசித்தினும் உண்டு. பச்சையாக இருக்கும்போது இந்தப் புரதங்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சூடு பட்டதும் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலைபோல இறுகும். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் அளவில் கட்டியாகத் தொடங்கி, 80 டிகிரியை ஒட்டி நன்றாக இறுகிவிடும். மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் இறுகும்.

பொரிக்கும் எண்ணெயின் சூடு 170 டிகிரிக்கு மேல். அதனால் முட்டை சில நொடிகளில் இறுகி, உள்ளே மாவையும் வெளியே பிரெட் தூளையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை இறுகிய முட்டை மறுபடி இளகாது. அதனால்தான் கோட்டிங் கடைசி வரை நிற்கிறது.

ஆனால் வழுவழுப்பான கறியின் மேல் நேராக முட்டையை ஊற்றினால் அது வழிந்துவிடும். பிடித்துக்கொள்ள அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அதைத் தருவதுதான் முதலில் தூவும் உலர்ந்த மாவு.

மூன்று தட்டு, ஒரே வரிசை

மாவு, முட்டை, பிரெட் தூள் என்ற இந்த மூன்றடுக்கு முறையைப் பிரெஞ்சு சமையல்காரர்கள் 'இங்கிலாந்து முறை' என்கிறார்கள். வியன்னாவின் ஷ்னிட்ஸலுக்கும் ஜப்பானின் டொன்காட்ஸுவுக்கும் இதே அடிப்படைதான். நம் வீட்டு கட்லெட்டையும் முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டித்தானே எடுக்கிறோம்?

அரை கிலோ எலும்பில்லாத கறிக்கு இந்த அளவு போதும்.

முதல் தட்டு: மைதா 4 டேபிள்ஸ்பூன், கார்ன்ஃப்ளார் 2 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் உப்பு, மிளகுத்தூள். கறியை இதில் புரட்டிவிட்டு நன்றாகத் தட்டி உதற வேண்டும். கறிமேல் மாவு மெல்லிய படலமாக இருந்தால் போதும். திட்டுத்திட்டாக நின்றால் முட்டை அதன் வழியாக உள்ளே போகாது. பிறகு அந்தத் திட்டு அப்படியே கழன்று வரும்.

இரண்டாம் தட்டு: 2 முட்டை, 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர் அல்லது பால், ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளைக்கரு கொழகொழவென்று தொங்காத அளவுக்கு அடித்தால் போதும். நுரை பொங்க அடித்தால் கோட்டிங்கில் காற்றுக் குமிழிகள் வரும். துண்டைத் தோய்த்துத் தூக்கி, சொட்டுவது நிற்கும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் தட்டு: பிரெட் தூள் அல்லது ரஸ்க் தூள். துண்டை வைத்து, மேலேயும் தூவி, உள்ளங்கையால் அழுத்த வேண்டும்.

மாவுக்கும் தூளுக்கும் ஒரு கை, முட்டைக்கு மறு கை என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரே கையால் செய்தால் கறிக்கு முன்னால் விரல்களுக்குக் கோட்டிங் ஏறிவிடும்.

எல்லாவற்றையும் புரட்டி முடித்ததும் உடனே எண்ணெயில் போடாமல், ஒரு தட்டில் இடைவெளி விட்டு வைத்து, ஃப்ரிட்ஜில் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பலரும் தவறவிடும் படி இது. அந்த நேரத்தில் மாவும் தூளும் முட்டையின் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும்.

சிக்கன் 65-க்குக் கணக்கு வேறு

சென்னை மவுண்ட் ரோட்டில் ஏ.எம்.புஹாரி தொடங்கிய புஹாரி ஓட்டல், 1965-ல் தாங்கள் அறிமுகப்படுத்தியதால்தான் சிக்கன் 65 என்ற பெயர் வந்தது என்கிறது. பெயருக்கு வேறு கதைகளும் உலவுகின்றன. எப்படியோ, இன்று தமிழ்நாட்டின் தள்ளுவண்டிவரை வந்துவிட்ட பண்டம் அது.

65-க்கு மூன்று தட்டு கிடையாது. எல்லாம் ஒரே கிண்ணத்தில். இங்கே மசாலா பிரிவதற்குப் பெரும்பாலும் தயிரும் எலுமிச்சைச் சாறும் அளவு மீறுவதுதான் காரணம். உப்பும் கறியிலிருந்து நீரை இழுத்து வெளியே விடும். ஊறவைத்த கிண்ணத்தின் அடியில் நீர் நின்றால் அதை முதலில் வடித்துவிட வேண்டும்.

அரை கிலோ கறிக்கு 1 முட்டை, 2 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், 1 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு சரியாக இருக்கும். முட்டையையும் மாவையும் ஊறவைக்கும்போதே சேர்க்காமல், பொரிப்பதற்குச் சற்று முன் சேர்த்துப் பிசறுவது நல்லது. மசாலா வழியாமல், கறியோடு ஒட்டி நிற்பதுதான் பதம். 'இன்னும் நல்லா ஒட்டட்டும்' என்று இரண்டு, மூன்று முட்டை ஊற்றினால் காரியம் கெடும்: எண்ணெய் நுரைக்கும், கறிமேல் ஆம்லெட் போல மெத்தென்று ஒரு படலம் வரும், மொறுமொறுப்பு போய்விடும்.

பண்ருட்டி முந்திரிக்கு ஓர் இடம்

நெய்வேலியைச் சுற்றி முந்திரித் தோப்புகள். பக்கத்திலேயே பண்ருட்டி. முழுப்பருப்பைவிட விலை குறைவான உடைந்த பருப்பு இங்கே எளிதாகக் கிடைக்கும். அதை விட்டுவிட்டு அரைத்து, ரவை பதத்தில் எடுத்து, மூன்று பங்கு பிரெட் தூளுக்கு ஒரு பங்கு என்று மூன்றாம் தட்டில் கலந்தால் கோட்டிங்குக்கு நல்ல மணம் வரும். முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் தீயை மிதமாக வைக்க வேண்டும். விருந்தினரில் யாருக்காவது முந்திரி ஒவ்வாமை உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது அவசியம்.

எண்ணெயில் விட்ட பிறகு

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு சிறு பிரெட் துண்டைப் போட்டுப் பார்க்கலாம். உடனே குமிழ் விட்டு மேலே வந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரியான சூடு. காயாத எண்ணெயில் முட்டை இறுகத் தாமதமாகும். அதற்குள் தூள் பிரிந்துவிடும். எண்ணெய் புகைந்தால் வெளியே கருகி உள்ளே வேகாது.

ஒரு ஈட்டுக்கு நான்கைந்து துண்டு போதும். போட்ட முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் கிளறக் கூடாது. முட்டை இறுகும் நேரம் அது. எலும்பில்லாத துண்டுக்கு 5, 6 நிமிடமும், எலும்புள்ள பெரிய துண்டுக்கு மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடமும் ஆகும்.

எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உள்ளிருந்து வரும் ஆவி கோட்டிங்கை நமுத்துப்போக வைக்கும். கம்பி வலைத்தட்டில் பரப்பி வைக்கலாம். செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை உணவில் கலக்கும் என்பதால், உணவை அதில் பொதியவோ வைக்கவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ எச்சரித்திருக்கிறது.

மிச்சமாகும் முட்டை: கவனம்

தோய்த்து முடித்த பின் கிண்ணத்தில் கொஞ்சம் முட்டை மிஞ்சும். 'வீணாக்குவானேன்' என்று அதை ஃப்ரிட்ஜில் எடுத்து வைப்பது ஆபத்து. பச்சைக் கறி தொட்ட முட்டை அது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பச்சைக் கறியிலும் இருக்கலாம், பச்சை முட்டையிலும் இருக்கலாம். உடனே முழுக்க வேகும்படி பொரித்துவிட வேண்டும். இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். கறி தொட்ட மாவுக்கும் பிரெட் தூளுக்கும் இதே விதிதான். சலித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

மொறுமொறு சிக்கனுக்கு மயோனைஸ் கேட்காத பிள்ளைகள் குறைவு. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது இந்தக் கிருமி பயத்தால்தான். தடை கடைகளுக்குத்தான் என்றாலும், கிருமிக்குக் கடை, வீடு என்ற வித்தியாசம் தெரியாது. கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் சேர்த்து அடித்தால் தொட்டுக்கொள்ள அருமையாக இருக்கும்.

மஞ்சள் தடவிக் கழுவினால் கறியின் கிருமி போய்விடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. கழுவுவதைவிட முழுமையாக வேகவைப்பதுதான் பாதுகாப்பு. கறியின் நடுப்பகுதி 74 டிகிரி சூட்டைத் தொட வேண்டும். மேலே பொன்னிறமாகிவிட்டதை மட்டும் பார்த்து எடுக்காமல், தடிமனான துண்டு ஒன்றைப் பிய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. வடியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். குழாயடியில் கறியைக் கழுவினால் தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் காய்கறி, பாத்திரம்வரை போகும். கழுவியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

முட்டை ஆகாதவர் வீட்டில் இருந்தால்?

சில குழந்தைகளுக்கு முட்டை ஒவ்வாமை உண்டு. அவர்களுக்கு முட்டைக்குப் பதில் கெட்டியான தயிர் அல்லது மோரில் கறியைத் தோய்த்து மாவில் அழுத்திப் புரட்டலாம். மைதாவும் கார்ன்ஃப்ளாரும் சம அளவு எடுத்து, தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கரைத்தும் தோய்க்கலாம். கடலை மாவுக் கரைசலும் பிடிக்கும். பிடிப்பு முட்டையைவிடக் கொஞ்சம் குறைவுதான். அதனால் ஃப்ரிட்ஜில் வைக்கும் நேரத்தை அரை மணியாக்க வேண்டும்.

கடைசித் துண்டையும் எடுத்த பிறகு வாணலியை ஒருமுறை பாருங்கள். அடியில் கருந்தூள் மண்டியிருந்தால், கறியில் ஈரம் இருந்திருக்கும். இல்லை, முதல் மாவு தடித்திருக்கும், ஃப்ரிட்ஜில் வைக்க நேரம் தந்திருக்க மாட்டீர்கள். அந்த எண்ணெயை மறுபடி பொரிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். கருகிய தூள் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். அடி தெரியும்படி எண்ணெய் தெளிவாக இருந்தால், முட்டை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.