குதிரை அளந்த ஊர்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண வரைபடத்தை விரித்து, மெல்வில் என்ற இடத்திலிருந்து மேற்கே சாஸ்கடூன் வரை போகும் ரயில்பாதையில் விரலை நகர்த்திப் பாருங்கள். ஃபென்வுட், குடீவ், ஹப்பர்ட், இடூனா, ஜாஸ்மின், கெல்லிஹர், லெராஸ் என்று ஊர்கள் வரும். ஆங்கில எழுத்து வரிசையில் எஃப், ஜி, எச், ஐ, ஜே, கே, எல். இன்னும் தள்ளிப் போனால் வென், வாட்ரஸ், ஜீனா, யங், ஜெல்மா. இசட் தீர்ந்ததும் மறுபடி ஏ-யில் தொடங்கி ஆலன், பிராட்வெல், கிளாவெட். நூறு வருஷத்துக்கு முன் கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வே அந்தப் புல்வெளியில் தண்டவாளம் போட்டபோது, ஒரு வீடுகூட எழும்பாத இடங்களுக்கு இப்படி வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டே போனது. பெயர்ப்பலகை முதலில் வந்தது. ஊர் பின்னால் வந்து சேர்ந்தது.

பெயரைவிட எனக்கு வியப்பு, இடைவெளிதான். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து மைல். ஆற்றங்கரை, மலையடிவாரம், கோட்டை வாசல் என்று நம் ஊர்களுக்குச் சொல்லும் காரணம் எதுவும் அங்கே பொருந்தாது. அந்தத் தூரத்தைத் தீர்மானித்தது குதிரை.

பாரவண்டி இழுக்கும் ஒரு ஜோடிக் குதிரை மணிக்கு இரண்டரை, மூன்று மைல் நடக்கும். வண்டியில் 60 புஷல் கோதுமை ஏற்றலாம். புஷலுக்கு 27 கிலோ சொச்சம், ஆக ஒன்றரை டன்னுக்கு மேல். விவசாயி விடியற்காலையில் கிளம்பி, தானியத்தைப் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். 80 ஏக்கரில் ஏக்கருக்கு 20 புஷல் விளைந்ததாக வைத்துக்கொண்டாலும் 1,600 புஷல், இருபத்தேழு நடை. ஒரு நடைக்கு இரண்டு நாள் பிடித்தால் பனிக்காலம் முந்திக்கொள்ளும். அதனால் எந்த வயலிலிருந்தும் ஒரு பகலுக்குள் போய்வரும்படி ரயில் நிலையங்களை நட்டார்கள்.

அது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த நிலம் அல்ல. கிரீ, சோத்தோ, அசினிபோயின் மக்கள் காட்டெருமை மந்தைகளை நம்பி வாழ்ந்த புல்வெளி. 1874-இல் அவர்களுக்கும் அரசுக்கும் இடையே, நிலத்தைக் குறித்த நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமை ஏறக்குறைய அற்றுப்போய்ப் பட்டினி வந்தது; மக்கள் ரிசர்வு என்ற ஒதுக்கிடங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் இந்த ஊர்களின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

அதன்பின் அங்கே நில அளவைச் சங்கிலி வந்தது. 66 அடி நீளம், நூறு கண்ணி. நம்மூரில் ஏக்கரும் சென்டும் அளந்த அதே கன்டர் சங்கிலி. அதைக் கொண்டு புல்வெளி முழுவதையும் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாகக் கட்டம் போட்டார்கள். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு சதுரத்தின் கால்பங்கான 160 ஏக்கர், பத்து டாலர் கட்டணத்துக்கு. மூன்று வருஷம் குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. ஆனால் உருண்டையான பூமியில் சதுரக் கட்டம் பொருந்துமா? தீர்க்கரேகைகள் வடக்கே போகப்போக நெருங்குகின்றன. அந்த அட்சரேகையில் 24 மைல் வடக்கே போவதற்குள், ஒரு மைல் அகலம் ஏறத்தாழ 40 அடி குறைந்துவிடும். அதனால் 24 மைலுக்கு ஒருமுறை கட்டத்தைத் திருத்திப் புதிதாகத் தொடங்கினார்கள். நூல் பிடித்தாற்போல் வடக்கே போகும் மண்சாலை, குன்றும் குளமும் இல்லாத இடத்தில் திடீரென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நிமிரும். பூமி உருண்டை என்பதைக் கார் ஸ்டீயரிங் திருப்பி உணரக்கூடிய இடம் அது.

விளைச்சலுக்கும் அவசரம் உண்டு. உறைபனி இல்லாத நாட்கள் பல இடங்களில் நூறு சொச்சம்தான். 'ரெட் ஃபைஃப்' கோதுமை முற்றுவதற்குள் சில வருஷம் பனி கருக்கிவிடும். அதை 'ஹார்ட் ரெட் கல்கத்தா' என்ற இந்தியக் கோதுமையோடு கலந்து பிறந்தது 'மார்க்விஸ்'. ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக முற்றும். அதைத் தேர்ந்தெடுத்த சார்லஸ் சாண்டர்ஸிடம் அரைத்துப் பார்க்கப் போதுமான மணி இல்லை. வாயில் போட்டு மென்றார். கோதுமையை மென்றுகொண்டே இருந்தால் மாவு கரைந்து, ரப்பர் போன்ற ஒரு பசை மிஞ்சும். அது நன்றாக இழுபட்டால் ரொட்டி நன்றாக உப்பும். பல் சோதித்த அந்த ரகம் 1920-க்குள் பிரெய்ரி என்ற அந்தப் புல்வெளியின் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்காகிவிட்டது.

வண்டி வந்து நிற்கும் இடம் எலிவேட்டர். பெயர் அப்படி, உண்மையில் அது தானியத்தைத் தூக்கி வைக்கும் மரக்கோபுரம். உள்ளே ஏறும் சாய்தளத்தில் வண்டி நின்றதும் எடை போடுவார்கள். பிறகு வண்டியைச் சாய்த்ததும் கோதுமை தரைக்கம்பிகளின் இடுக்கு வழியாகக் குழிக்குள் இறங்கும். வெற்று வண்டியை மறுபடி எடை போட்டால் கணக்கு முடிந்தது. குழியிலிருந்து உச்சி வரை ஒரு முடிவில்லாப் பட்டை, அதில் வரிசையாகக் கிண்ணங்கள்; நம் கமலைக்கு ஓயாத ஓட்டம் கிடைத்தாற்போல் அள்ளி அள்ளி மேலே கொண்டுபோகும். உச்சியில் ஒரு சுழல் குழாய், தரம் பார்த்து இந்த அறைக்கு, அந்த அறைக்கு என்று திருப்பிவிடும். அதற்குப் பின் இயந்திரம் வேண்டாம். மதகைத் திறந்தால் தானியம் தன் எடையிலேயே ரயில்பெட்டிக்குள் இறங்கிவிடும். தானியத்தூசு ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்பதால், பட்டையை ஓட்டும் எஞ்சினைத் தனியே தள்ளிக் கட்டிய அலுவல் அறையில் வைத்தார்கள்.

அந்தக் கோபுரத்தின் சுவரைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பலகையை நிறுத்திவைத்து ஆணி அடித்த சுவர் அல்ல. செங்கல் அடுக்குவதுபோல் பலகைகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அறைந்தது. அடியில் எட்டங்குலப் பலகை, மேலே போகப்போக ஆறங்குலம், நாலங்குலம். காரணம், தானியம் தண்ணீரும் அல்ல, கல்லும் அல்ல. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடி அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியமோ பக்கவாட்டில் சுவரை நெருக்கும். அந்த நெருக்கத்தால் உரசல் உண்டாகி, எடையின் ஒரு பங்கைச் சுவரே தாங்கிக்கொள்ளும். ஓர் ஆழத்துக்குமேல் எவ்வளவு கொட்டினாலும் அடியில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். 1895-இல் ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைக் கணக்காக எழுதினார். குதிரிலிருந்து நெல் எடுத்தவர்களுக்கு இதன் சாயல் தெரியும்: அடி வாயைத் திறந்தால், குதிர் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் நெல் ஒரே வேகத்தில்தான் கொட்டும். 800 டன் கோதுமை உள்ளே நெருக்கும்போது விலகாமல் நின்றவை இந்தப் படுக்கைப் பலகைகள்.

75 அடி உயரக் கோபுரத்தின் உச்சி, சமதரையில் நிற்பவர் கண்ணுக்குச் சுமார் 13 மைல் வரை தெரியும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஊர்களின் இடைவெளியோ பத்து மைலுக்குள். ஆக, குதிரையின் நடையை வைத்து நட்ட ஊர்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் தூரத்தில் அமைந்துவிட்டன. கோபுரச் சுவரில் ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

அந்தக் கோபுரத்தின் நிழலில்தான் ஊர். பாதையை ஒட்டி ரயில்வே அவென்யூ, அதிலிருந்து செங்குத்தாகப் பிரதான வீதி. தபால் நிலையம், ஹோட்டல், பெரும்பாலும் ஒரு சீனக் குடும்பம் நடத்தும் காபிக்கடை, குளிர்காலம் முழுக்கக் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் அரங்கு. அறுவடை முடிந்ததும் ஊர்க்கூடத்தில் கோழி, வான்கோழி விருந்து. ஆளுக்கொரு பண்டம் செய்து வருவார்கள், சேரும் பணம் கூடத்தின் கூரைக்கோ அரங்கின் பனித்தரைக்கோ போகும். எதிரே வரும் வண்டியில் இருப்பவர் யாரானாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்வது இன்றும் வழக்கம். ஆள் அருகிய நாட்டில் பனிப்புயலில் மாட்டினால் உதவ வரப்போவது அந்த எதிர்வண்டிக்காரர்தான்.

1933-இல் பிரெய்ரி மாகாணங்களில் 5,758 எலிவேட்டர்கள் நின்றன. இன்று மிஞ்சியவை சில நூறு, அவற்றிலும் முக்கியமானவை கான்கிரீட் ராட்சதங்கள். லாரி ஒரு நடையில் 40 டன்னுக்குமேல் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 60 மைல் போகும்போது, பத்து மைலுக்கு ஓர் ஊர் எதற்கு? தானியத்துக்கு 1897-இல் தொடங்கிய ரயில் கட்டணச் சலுகை 1995-இல் அடியோடு நின்றது. கிளைப்பாதைகள் பல பிடுங்கப்பட்டன. ஜான்சன் கணக்கு எழுதிய அதே 1895-இல் ஃபிளெமிங் என்ற ஊரில் எழும்பிய கோபுரம் 2010-இல் தீயில் போனது. வயல் மட்டும் ஓயவில்லை. கோதுமையோடு இன்று அங்கே சிவப்புப் பருப்பும் விளைந்து, கப்பலேறி இலங்கைச் சமையலறை வரை வருகிறது.

கோபுரம் போன பிறகு, மனிதர் வாழ்ந்த இடத்தைத் தூரத்திலிருந்து எப்படிக் கண்டுகொள்வது? மரத்தைப் பார்த்து. இயல்பாக மரம் குறைந்த அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க, 1901-இலிருந்து 2013 வரை அரசு கோடிக்கணக்கில் கன்றுகளை விவசாயிகளுக்குக் கொடுத்தது. மொத்தம் 60 கோடிக்கு மேல். அவற்றில் அதிகம் வேரூன்றியது சைபீரியாவிலிருந்து வந்த கராகானா என்ற புதர். வீட்டைச் சுற்றிச் சதுரமாக நட்டிருப்பார்கள். வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, சுற்றிலும் உழுதுவிட்டாலும், வசந்தகாலம் வந்தால் வயலின் நடுவே அந்தச் சதுரம் மட்டும் மஞ்சள் பூத்து நிற்கும். ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும்.