பட்டறைப் பக்கம் – 17: செட்டு பாடுது, முகம்தான் இருட்டு

கார் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். எந்த ஸ்டேஷன் என்று பார்க்கலாமென்றால் டிஸ்ப்ளே கன்னங்கரேலென்று கிடக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன வியாதி இது. ஆடியோ கடைக்குப் போனால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செட்டு போச்சு சார், ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் மாட்டிடலாம்" என்பார்கள். தொடுதிரை, பின்பக்கக் கேமரா, மேப் என்று ஆசை காட்டுவார்கள். நம் மனமும் கொஞ்சம் அலைபாயும்.

பிரேசர் டவுனில் மசூதி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் கடை வைத்திருக்கும் பாய் அந்த வார்த்தையைச் சொல்வதே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, செல்போன் டார்ச்சை டிஸ்ப்ளேயின் மேல் சாய்வாகப் பிடிப்பார்.

"பாருங்க சார், எழுத்து தெரியுதா? 91.1 ஓடுது. செட்டு சாவலை. பின்னாடி வெளக்குதான் அணைஞ்சிருக்கு."

அந்த 91.1 பெங்களூருக்காரர்களுக்கு லேசான எண் அல்ல. நாட்டின் முதல் தனியார் பண்பலையான ரேடியோ சிட்டி 2001 ஜூலை 3 அன்று இந்த ஊரில்தான் ஒலிக்கத் தொடங்கியது. கார் ரேடியோ வியாபாரத்துக்கு அது ஒரு பொற்காலம். இன்று பாயிடம் முகம் இருண்டு வரும் செட்டுகள் பலவும் அதை ஒட்டிய வருடங்களில் விற்றவை.

டார்ச் அடித்துப் பார்ப்பது விளையாட்டு அல்ல. திரவப்படிகத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து வரும் ஒளியை இந்த இடத்தில் விடு, அந்த இடத்தில் மறை என்று தடுத்தும் திறந்தும் எழுத்தைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பின்னால் விளக்கு செத்துவிட்டால் திரை தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும், பார்க்க நமக்குத்தான் வழியிருக்காது. டார்ச்சிலும் எழுத்து தெரியவில்லை என்றால் கதை வேறு: திரைக்கு வரும் இணைப்பு விட்டிருக்கலாம், சிப் போயிருக்கலாம். தானே ஒளிரும் வேறு வகை டிஸ்ப்ளேக்களும் உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

திரவப்படிகம் என்றதும் ஜப்பானையும் கொரியாவையும் நினைக்கிறோம். பிரேசர் டவுனிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில், சதாசிவநகரில் இருக்கிறது ராமன் ஆராய்ச்சி நிலையம். அங்கேதான் 1977-ல் எஸ்.சந்திரசேகர் தன் குழுவினரோடு, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப்படிகமாகும் என்று காட்டினார். இவர் சர் சி.வி.ராமனின் சகோதரி மகன். அதுவரை குச்சி வடிவ மூலக்கூறுகளைத்தான் உலகம் அறிந்திருந்தது. நம் ரேடியோ திரையில் இருப்பதும் குச்சிதான். ஆனால் அந்தத் தட்டு வடிவத்தைக் கொண்டு செய்த மெல்லிய படலம்தான் பிற்பாடு கணினித் திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகப் பார்க்க உதவியது. பாயிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்லயா!" என்றவர் அடுத்த நொடி ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போய்விட்டார்.

செட்டைக் கழற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில. பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் டிஸ்ப்ளே போய்விட்டதாக நினைத்து வருவதுண்டு. ஹெட்லைட் போட்டதும் இரவுக்குத் தோதாக டிஸ்ப்ளே மங்க வேண்டும் என்றுதான் பல செட்டுகளை வடிவமைத்திருக்கிறார்கள். ஹெட்லைட்டை அணைத்ததும் எழுத்து பளிச்சென்று வந்தால் பழுதே இல்லை, வீட்டுக்குப் போகலாம். ரேடியோ பொத்தான்களோடு ஏசி பொத்தான், மீட்டர் விளக்கு எல்லாமே சேர்ந்து அணைந்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். வாகனக் கம்பெனியே பொருத்தி வரும் செட்டுகள் சிலவற்றில் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் திரும்பப் பாட நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் செட்டைப் பிடுங்கினால், பின்விளக்கு எரியும், பாட்டு வராது.

பாயின் மேசையில் செட்டு வந்து விழுந்ததும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முகப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கொக்கிகளை நகத்தாலேயே நெம்புவார். போர்டு வெளியே வரும். திரையைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தின் சின்னச் சின்னக் காதுகளைக் குறடால் திருகி நிமிர்த்துவார். இரண்டு மூன்று முறைக்கு மேல் திருகினால் காது ஒடிந்துவிடும் என்பதால் அதில் மட்டும் அவசரமே கிடையாது. திரைக்கும் போர்டுக்கும் நடுவே கறுப்பும் வெளுப்புமாய் ரோமம் போன்ற கோடுகள் போட்ட ரப்பர் பட்டை ஒன்று இருக்கும். கறுப்புக் கோடு மின்சாரத்தைக் கடத்தும், வெளுப்பு கடத்தாது. கம்பியே இல்லாமல் போர்டிலிருந்து திரைக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் உத்தரவு போவது அதன் வழியாகத்தான். அதில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். திரும்ப வைக்கும்போது மயிரிழை நகர்ந்தாலும் 8 என்பது 3 ஆகும், பாதி எழுத்து காணாமல் போகும். வெளிச்சம் வந்தும் எழுத்து உடைந்திருக்கும் செட்டைக் கண்டால், யாரோ அவசரக்காரர் கை வைத்திருக்கிறார் என்று பாய் கண்டுபிடித்துவிடுவார்.

பழைய செட்டுகளில் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது நெல்மணி அளவு இழை பல்பு. தலையில் பச்சையோ நீலமோ ரப்பர் குல்லா. டிஸ்ப்ளேயின் நிறம் அந்தக் குல்லாவினுடையது. இழை அறுந்துபோவதுதான் அங்கே பழுது. அடுத்த தலைமுறையில் எல்இடி வந்தது. எல்இடி லேசில் சாகாது. அதற்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டர் சூட்டில் கருகியிருக்கும், அல்லது குண்டும் குழியுமான ரோட்டில் ஆடி ஆடி ஈயப் பற்றுவைப்பு விரிசல் விட்டிருக்கும். 'டிரை சால்டர்' என்பார்கள். முகப்பை ஒரு தட்டு தட்டினால் எரிந்து அணைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் அதுதான். கொஞ்சம் ஈயம், பழுக்கக் காய்ச்சிய முனை, வேலை முடிந்தது.

பல்பை எடுத்துவிட்டு எல்இடி வைக்கும்போது கணக்குப் போடாமல் விட்டால் பட்டென்று போய்விடும். 12 வோல்ட் பேட்டரி என்கிறோமே தவிர, எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும். வெள்ளை எல்இடி ஒன்று சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். மூன்றைத் தொடராகக் கோத்தால் 9.6. மீதி 4.8 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்கு 240 ஓம் என்று புத்தகக் கணக்கு வரும். பாய் 330 போடுகிறார். ஓட்டம் 15 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். "கொஞ்சம் டல்லா எரியட்டும் சார். ஆயுசு முக்கியம். ராத்திரி ஓட்டும்போது கண்ணையும் கூசக் கூடாதில்ல?" இன்னொன்று: இழை பல்புக்கு முன்பின் இல்லை, எல்இடிக்கு உண்டு. திருப்பி வைத்தால் எரியாது. பச்சைக் குல்லாவுக்குள் நீலச் சாயல் கொண்ட வெள்ளை எல்இடி வைத்தால் டிஸ்ப்ளே ஆஸ்பத்திரி நிறமாகிவிடும். மஞ்சள் சாயல் உள்ள 'வார்ம் ஒயிட்' கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு எஸ்.பி.ரோடு இருக்கிறது. எல்இடி, ரெசிஸ்டர் எல்லாம் அங்கே சில்லறைக் காசு. முகப்பே உடைந்திருந்தால் சிவாஜிநகர் குஜிரிக்குப் போகவேண்டும். பழைய வண்டிகளின் உறுப்புகள் குவியல் குவியலாய்க் கிடக்கும் இடம். 1898 பிளேக்குக்குப் பிறகு, காற்றும் வெளிச்சமும் வரும்படி அகலத் தெருக்களோடு 1906-ல் அடிக்கல் நாட்டிக் கட்டிய ஊர் பிரேசர் டவுன். அரசுப் பலகையில் புலிகேசி நகர் என்று எழுதியிருந்தாலும் யார் வாயிலும் அது வருவதில்லை. கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழும் உருதுவும் கலந்து புழங்கும் இந்தத் தெருக்களில், சாமானுக்கும் கைத்திறனுக்கும் நடுவே தூரம் குறைவு. பாயின் கடை பிழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாளைக்கு என்பது வேறு விஷயம். புதிய வண்டிகளில் திரையும் பின்விளக்கும் தொடுபரப்பும் ஒன்றாக ஒட்டி வருகின்றன. ஏசியும் கேமராவும் அதே திரைக்குள் புகுந்துவிட்டன. விளக்கு போனால் மொத்தத்தையும் மாற்று என்பதுதான் சர்வீஸ் சென்டரின் பதில். பழுதுபார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் போர்டு படமும் உதிரிபாகமும் சந்துக்கடை வரை வந்து சேராதவரை, உரிமை ஏட்டோடு சரி.

அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். புதுத் திரைதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய செட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி, உங்கள் ஊரில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாத அந்த முகப்பு வேறொருவர் வண்டிக்கு உதிரிபாகம்.

(தொடரும்)