குஞ்சுக்கு இரையில்லாத கோதுமை வயல்

பிரிட்டனின் கோதுமை, பார்லி வயல்களில் ஒரு காலத்தில் எங்கும் திரிந்த சாம்பல் கவுதாரி, 1960-களின் பிற்பகுதிக்குப் பிறகு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அந்நாட்டுப் பறவைகளின் நிலையை மதிப்பிடும் பட்டியலில் அது சிவப்புப் பிரிவில் இருக்கிறது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரை பரவியிருப்பதால், உலகப் பட்டியலில் மட்டும் 'கவலை குறைந்த இனம்' என்றே நீடிக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்து யாரும் நிம்மதியடையக் கூடாது. இது வேட்டைப் பறவை என்பதால் பழி முதலில் துப்பாக்கியின் மேல் விழுகிறது. ஆனால், இங்கிலாந்தில் பிப்ரவரி 1-க்குப் பிறகு செப்டம்பர் 1 வரை இதைச் சுடுவது குற்றம். வேட்டைக்குப் பருவம் வகுத்த சட்டம் 1831-ஆம் ஆண்டினது. அத்தனை பழைய காவல் இருந்தும் பறவை சரிந்தது என்றால், சட்டம் பார்க்காத இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடம், குஞ்சின் முதல் இரண்டு வாரம்.

பெட்டை ஒரு ஈட்டுக்குச் சராசரியாகப் பதினைந்து முட்டை இடுகிறது. பறவை உலகில் இவ்வளவு இடுபவை மிகச் சில. ஏறக்குறைய இருபத்தைந்து நாள் அடைகாத்துப் பொரித்ததும், குஞ்சுகள் சில மணி நேரத்தில் கூட்டை விட்டு நடக்கத் தொடங்கும். தாய் ஊட்டுவதில்லை, தாமே பொறுக்கித் தின்ன வேண்டும். வளர்ந்த பறவைக்கு விதையும் இலையும் போதும். குஞ்சுக்கோ தசையும் இறகும் வளரப் புழு, இலைவண்டு, சாறுறிஞ்சும் பூச்சி, எறும்பு கட்டாயம். இவற்றில் பல, பயிருக்கிடையே முளைக்கும் களைச்செடிகளில் வாழ்பவை. 1950-களில் களைக்கொல்லி பரவியபோது களை போனது. களையோடு பூச்சியும் போனது. டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் 1968-இல் சசெக்ஸ் வயல்களில் தொடங்கிய நீண்டகால ஆய்வு இந்தச் சங்கிலியைத் தெளிவாக்கியது. முன்பு ஏறக்குறையப் பாதிக் குஞ்சுகள் பிழைத்தன. களைக்கொல்லிக்குப் பின் மூன்றில் ஒன்றே பிழைத்தது. இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து, மருந்து பறவையை நேரடியாகக் கொல்வதில்லை என்பதுதான். வயலில் செத்த பறவை கிடப்பதில்லை. அதனால் புகாரும் எழுவதில்லை. பறவைக்கு நஞ்சாகிறதா என்று மட்டும் கேட்கும் சோதனையில் களைக்கொல்லி எளிதாகத் தேறிவிடும்.

நரியும் காகமும் செய்த வேலை இது என்பவர்களின் வாதத்தில் உண்மை உண்டு. சாலிஸ்பரி சமவெளியில் 1984 முதல் 1990 வரை நடந்த சோதனையில், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்திய பகுதியில் மூன்று ஆண்டில் ஆகஸ்ட் மாதக் கவுதாரி எண்ணிக்கை மூன்றரை மடங்கானது. ஆனால், உயிர்வேலியும் அதன் அடியில் காய்ந்த புல்லும் அழிந்த நிலத்தில்தான் கூடு நரியின் கண்ணுக்கு எளிதில் அகப்படுகிறது. வேட்டையை முற்றாகத் தடுத்தால் போதும் என்ற வாதமும் குஞ்சின் பசியைத் தீர்ப்பதில்லை. அதற்காக வேட்டைக்காரர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் முடியாது. வேட்டைக்காகவே கோடிக்கணக்கில் வளர்த்துவிடப்படும் ஃபெசன்ட், செங்கால் கவுதாரி ஆகியவற்றோடு சேர்ந்து சாம்பல் கவுதாரியும் குண்டடிபடுகிறது. இலையுதிர்காலத்தில் நூறு ஹெக்டேருக்கு இருபது பறவைக்குக் குறைவாக இருந்தால் சுடவே வேண்டாம் என்பது, இப்பறவையை ஆராயும் கேம் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்டின் அறிவுரை. அது சட்டமாக இல்லாதது ஒரு குறை.

தீர்வு வயலோரத்தில் இருக்கிறது. பயிரின் விளிம்பில் ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்தைக் கட்டுப்படுத்தினாலே களையும் பூச்சியும் திரும்புகின்றன. விளைச்சல் குறையாதா என்று உழவர் கேட்பது நியாயமான கேள்வி. வயலோரம் எப்போதுமே நடுவயலைவிடக் குறைவாகத்தான் விளையும். எஞ்சும் இழப்பைப் பொதுப்பணம் ஈடுசெய்ய வேண்டும், அதற்கான மானியத் திட்டங்களும் இருந்து வருகின்றன. ஆருண்டல் அருகே நார்ஃபோக் பண்ணையில் 2003 முதல் வேலி, புல்வரப்பு, பூச்சிக்கான ஓரப்பட்டை, நரிக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தபோது, அற்றுப்போகும் நிலையிலிருந்த பறவை நூற்றுக்கணக்கில் பெருகியது. ஒன்றை மட்டும் செய்த இடங்களில் இவ்வளவு பலனில்லை. கூண்டில் வளர்த்து விடுவதை இதற்கு மாற்றாக நம்புவது வீண். அப்படி விட்டவை காட்டில் மிகக் குறைவாகவே பிழைக்கின்றன.

சட்டம் மெதுவாக இப்பக்கம் வரத் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்தின் 2024-ஆம் ஆண்டு உயிர்வேலி விதிகளின்படி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, விலக்குகள் தவிர, வேலியை வெட்டக் கூடாது. இரண்டு ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலில், வேலியின் நடுவிலிருந்து இரண்டு மீட்டருக்குள் உழவும் மருந்தும் கூடாது. நடுவிலிருந்து அளப்பதால் அந்த இரண்டு மீட்டரில் பெரும்பகுதியை வேலியே அடைத்துக்கொள்கிறது. குஞ்சுக்கு மிஞ்சுவது சிறு கீற்று. இந்த அளவை உயர்த்தக் கோருவதே இன்று பயனுள்ள கோரிக்கை. விதி மீறி வேலியை வெட்டுவதைக் கண்டால் ரூரல் பேமென்ட்ஸ் ஏஜென்சி என்ற அரசு அமைப்பிடம் யாரும் புகார் செய்யலாம். மக்கள் நடமாட உரிமையுள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்துச் செல்வது சட்டக் கடமை. அடைகாக்கும் பெட்டை தரையில் இருக்கும் காலம் அது. நிலம் வைத்திருப்பவர்கள் கேம் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்டின் கவுதாரிக் கணக்கெடுப்பில் சேர்ந்து, வசந்தத்தில் ஜோடிகளையும் அறுவடைக்குப் பின் குஞ்சுகளையும் எண்ணித் தரலாம். எத்தனை குஞ்சு பிழைத்தது என்பது தெரிந்தால்தான் எந்த வயலோரத்தை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும்.