மரமில்லாத சாலை... மனிதர்கள் நிறைந்த பயணம்! கேம்பர்வேனில் கிராமத்து ஆஸ்திரேலியா

ஒரு வளைவுகூட இல்லாமல் 146.6 கிலோமீட்டர் நேராக ஓடுகிறது அந்தச் சாலை. மேற்கு ஆஸ்திரேலியாவில் பாலடோனியா, கைகுனா என்ற இரண்டு ரோடுஹவுஸ்களுக்கு நடுவில் இருக்கிறது இந்த நேர்க்கோடு. இரண்டு பக்கமும் புதர்கள், குட்டை மரங்கள், செம்மண். வீடு இல்லை, கடை இல்லை. எப்போதாவது எதிரே ஒரு வண்டி வரும். கடந்துபோகும் நொடியில் அந்த ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். 'வணக்கம், நல்லபடியா போயிட்டு வாங்க' என்று அதற்கு அர்த்தம்.

ஆஸ்திரேலியா என்றதும் சிட்னி ஓபரா ஹவுஸும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானமும்தான் நம் நினைவுக்கு வரும். அங்கே இருக்கும் சுமார் 2.7 கோடி மக்களில் பெரும்பாலானோர் வசிப்பதும் இப்படிக் கடலோர நகரங்களில்தான். மிச்சமிருக்கும் பிரமாண்டமான நிலப்பரப்பில் மனிதர்கள் மிகக் குறைவு. படுக்கை, அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேனில் அந்தப் பகுதிகளைச் சுற்றுகிறவர்கள், அங்கே பார்த்த காட்சிகளுக்குச் சமமாகச் சந்தித்த மனிதர்களைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆளே இல்லாத இடத்தில் இத்தனை நட்பு எப்படிக் கிடைக்கிறது?

ஒரே சாலை... அதே முகங்கள்!

ஆஸ்திரேலியாவைச் சுற்றி வளையம்போல ஓடுகிறது 'ஹைவே 1'. மொத்த நீளம் சுமார் 14,500 கிலோமீட்டர். இதில் ஒரு முழுச் சுற்று போய் வருவதற்கு 'பிக் லேப்' என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வேன் அல்லது கேரவன் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில்கூட இப்படிக் கிளம்பிவிடுகிறார்கள். தலை நரைத்த இந்தப் பயணிகளுக்கு 'கிரே நோமட்ஸ்', அதாவது 'நரைமுடி நாடோடிகள்' என்று செல்லப் பெயர். இப்போது கைக்குழந்தையோடு கிளம்பும் தம்பதிகளும், லேப்டாப்போடு கிளம்பும் இளைஞர்களும்கூட இந்தக் கூட்டத்தில் உண்டு.

இவர்கள் இரவு தங்குவது கேரவன் பார்க்குகளில், ஆற்றங்கரைகளில், ஊர் கண்காட்சி நடக்கும் 'ஷோகிரவுண்ட்' திடல்களில். மாலை நான்கு, ஐந்து மணி ஆனதும் ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். இதுதான் கேம்ப்களின் 'ஹேப்பி அவர்'. அவரவர் குடிப்பதை அவரவரே கொண்டுவர வேண்டும். கொறிக்க இருப்பதைப் பகிர்ந்துகொள்வார்கள். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைவிட 'எந்தப் பக்கமிருந்து வர்றீங்க, ரோடு எப்படி இருக்கு?' என்பதுதான் முதல் கேள்வி. வங்கி மேனேஜராக இருந்தவரும் லாரி ஓட்டியவரும் இங்கே சரிசமம்.

மறுநாள் காலை எல்லோரும் பிரிந்துவிடுவார்கள். ஆனால், பல பகுதிகளில் போவதற்கு இருப்பது ஒரே சாலை. ஆகவே, தண்ணீர்க் குழாயடியில் அறிமுகமானவரை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் மறுபடியும் பார்க்க நேரும். மூன்றாவது முறை பார்க்கும்போது அவர் சொந்தக்காரர்போல ஆகிவிடுகிறார். துணையை இழந்தபின் தனியாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சந்திப்புகள் பெரிய ஆறுதல்.

சும்மா சிரிப்பதில்லை... காரணம் இருக்கிறது!

இந்த நட்புக்குப் பின்னால் உயிர் பிழைக்கும் கணக்கும் இருக்கிறது. உள்நாட்டுப் பகுதிகளில் செல்போன் சிக்னல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கிடைக்காமல் போகலாம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். வண்டி நின்றுவிட்டால் உதவி என்பது அடுத்து வரும் வண்டிதான். அதனால், சாலையோரம் யாராவது நின்றால் வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலைக் காட்டி 'எல்லாம் ஓகேவா?' என்று கேட்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

பல கேம்பர்வேன்களில் யு.ஹெச்.எஃப் ரேடியோ பொருத்தியிருப்பார்கள். லாரி ஓட்டுநர்கள் பேசுவது 40-வது சேனல். கேரவன்காரர்கள் பேசுவது 18-வது சேனல். மூன்று, நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு 50 மீட்டருக்கும் மேல் நீளமாக வரும் 'ரோடு டிரெயின்' லாரியை முந்துவதென்றால், அந்த ஓட்டுநரிடமே ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம். எதிரே வண்டி இல்லை என்று பார்த்து அவர் சொல்வார். முகம் தெரியாதவரின் ஒரு வார்த்தை, ஒரு விபத்தைத் தவிர்த்துவிடும்.

நேர்க்கோட்டுச் சாலையில் சில இடங்களில் தார் ரோட்டின் மேலேயே வெள்ளைப் பட்டைகள் வரைந்திருக்கும். 'ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ்' விமானம் அவசரத்துக்கு இறங்கும் இடம் அது. நெடுஞ்சாலையே ரன்வே! ஜான் ஃப்ளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928-ம் ஆண்டு குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரி ஊரில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இது. மருத்துவமனையே இல்லாத பண்ணை வீடுகளுக்கும் பயணிகளுக்கும் இன்றும் இதுதான் உயிர்நாடி.

திமிங்கிலம், கோல்ஃப்... ஒரு பழைய நட்பு!

அந்த நேர்க்கோட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் நல்லர்போர் சமவெளி. லத்தீன் மொழியில் 'மரமே இல்லை' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வரை மொட்டை நிலம். திடீரென்று அந்த நிலம் கத்தியால் வெட்டியதுபோல முடிந்து, கீழே நீலக்கடல் தெரியும். ஆஸ்திரேலியக் குளிர்காலத்தில் 'ஹெட் ஆஃப் பைட்' என்ற இடத்தில் நின்றால், அன்டார்டிக் பக்கமிருந்து வந்த சதர்ன் ரைட் திமிங்கிலங்கள் குட்டிகளோடு மிதப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

இதே வழியில்தான் 'நல்லர்போர் லிங்க்ஸ்' கோல்ஃப் மைதானமும் இருக்கிறது. மொத்தம் 18 குழிகள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவில் 1,365 கிலோமீட்டர்! செடுனா முதல் கல்கூர்லி வரை ஊருக்கு ஊர், ரோடுஹவுஸுக்கு ரோடுஹவுஸ் நிறுத்தி ஆட வேண்டும். ஓட்டுநர்கள் தூங்கி வழியாமல் நின்று இளைப்பாறிப் போகவும் இது உதவுகிறது. கோல்ஃப் மட்டையையே பிடித்திராதவர்களும் முன்பின் தெரியாதவர்களோடு ஜோடி சேர்ந்து ஆடிவிட்டுப் போகிறார்கள்.

இந்த 'அயர் ஹைவே'க்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் ஜான் அயர். 1841-ல் இந்த வறண்ட கடற்கரையோரமாக மேற்கு நோக்கி நடந்த ஆங்கிலேயர். வழியில் அவருடைய மேற்பார்வையாளர் கொல்லப்பட்டார், உணவும் களவுபோனது. கடைசிவரை அவரோடு நின்றவர் வைலி என்ற பழங்குடி இளைஞர். பசியில் துவண்ட இருவரையும் தற்செயலாக அங்கே நங்கூரமிட்டிருந்த ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பலின் கேப்டன் ஏற்றிக்கொண்டு, சோறு போட்டு, உணவுப் பொருளும் கொடுத்து அனுப்பினார். நெடுஞ்சாலைக்கு அயர் பெயர்தான் கிடைத்தது. வைலி இல்லையென்றால் அயர் அல்பனி நகரம் போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே.

வெந்நீர்த் தொட்டியில் அறிமுகம்

நல்லர்போரிலிருந்து வெகுதூரம் கிழக்கே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருக்கிறது லைட்னிங் ரிட்ஜ். கறுப்பு ஓபல் கற்களுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், பூமிக்கு அடியில் 'கிரேட் ஆர்டீசியன் பேசின்' என்ற நீர்க்களஞ்சியம் இருக்கிறது. அங்கிருந்து ஆழ்குழாய் வழியாகச் சூடாகவே மேலே வரும் நீரை ஊருக்குப் பொதுவான தொட்டியில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். சூடு சுமார் 40 டிகிரி.

குளிர்கால விடியலில் கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் யார் ஓபல் தோண்டுகிறவர், யார் பயணி என்றே தெரியாது. முழங்கால் வலியில் ஆரம்பிக்கும் பேச்சு, பேரப்பிள்ளைகள் வழியாக எங்கெங்கோ போகும். அடுத்த ஊரில் எந்த பேக்கரி நன்றாக இருக்கும் என்பதுவரை தகவல் கிடைத்துவிடும்.

ஓவியத்தால் உயிர் பெற்ற ஊர்

பயணிகளின் வரவு சின்ன ஊர்களுக்கு வாழ்வா சாவா என்ற பிரச்னை. விவசாயம் இயந்திரமயமானதும் ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். பள்ளிகளும் வங்கிகளும் மூடப்பட்டன. விக்டோரியா மாநிலத்தின் கோதுமைப் பகுதியில் உள்ள பிரிம் அப்படியொரு சிற்றூர். 2016-ம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே பயன்படாமல் கிடந்த தானியக் களஞ்சியங்களில் கய்டோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் நான்கு விவசாயிகளின் உருவங்களைப் பிரமாண்டமாகத் தீட்டினார். தலைவர்களோ சினிமா நட்சத்திரங்களோ இல்லை, அந்த மண்ணின் சாதாரண மனிதர்கள்.

படம் பரவியது, வண்டிகள் வரத் தொடங்கின. பக்கத்து ஊர்களும் தங்கள் களஞ்சியங்களில் வரையச் செய்ய, இன்று சுமார் 200 கிலோமீட்டருக்கு ஓர் ஓவியப் பாதையே உருவாகிவிட்டது. ஓவியம் பார்க்க நிறுத்துகிறவர் டீ குடிக்கிறார், டீசல் போடுகிறார், ஊர்க்காரரிடம் நாலு வார்த்தை பேசுகிறார்.

வேலி கட்டப் போகும் வேன்கள்

2009 பிப்ரவரி 7-ம் தேதி விக்டோரியாவைக் காட்டுத்தீ தாக்கியது. 173 பேர் இறந்தனர். கில்மோர் ஈஸ்ட் பகுதியில் கெவின் பட்லர், ரோண்டா பட்லர் தம்பதியின் பண்ணை வேலிகளும் எரிந்துபோயின. வேலி இல்லையென்றால் ஆடுகள் சாலைக்கு ஓடிவிடும். உதவிக்குச் சில தன்னார்வலர்களை அழைத்தார்கள். வேலை சீக்கிரமே முடிந்தது. அக்கம்பக்கத்தாருக்கும் இதைச் செய்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது 'பிளேஸ்எய்ட்' அமைப்பு.

தீயோ வெள்ளமோ தாக்கிய ஊரில் முகாம் போட்டு, காசு வாங்காமல் வேலி கட்டித் தருகிறார்கள். தன்னார்வலர்களில் கேரவனோடு வந்து சேரும் நரைமுடி நாடோடிகள் ஏராளம். பகலில் கம்பி இழுப்பார்கள். நடுவே டீ குடிக்கும்போது எல்லாம் இழந்து நிற்கும் விவசாயி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பார்கள். கட்டிக்கொடுத்த வேலிக்குச் சமமாக இதுவும் முக்கியம் என்கிறார்கள் பலன் பெற்றவர்கள்.

2019-20 காட்டுத்தீக்குப் பிறகு 'எம்ப்டி எஸ்கி' என்றொரு பிரசாரமும் வந்தது. எஸ்கி என்றால் ஐஸ் பெட்டி. 'காலிப் பெட்டியோடு பாதிக்கப்பட்ட ஊர்களுக்குப் போங்கள். அங்கேயே வாங்கி நிரப்புங்கள்' என்பதுதான் வேண்டுகோள். நன்கொடையைவிட வியாபாரம் அந்த ஊர்களைத் தலைநிமிர வைத்தது.

ஒரு தமிழ்க் குடும்பத்துக்காக நின்ற ஊர்

இந்த அன்பு வேனில் வந்து போகிறவர்களுக்கு மட்டும்தானா? குயின்ஸ்லாந்தின் உட்பகுதியில் இருக்கும் பிலோயலா இதற்குப் பதில் சொல்லும். இலங்கையிலிருந்து படகில் தஞ்சம் தேடி வந்த நடேசலிங்கம் - பிரியா தம்பதி அங்கேதான் குடியேறினார்கள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, விசா முடிந்ததாகச் சொல்லி அவர்களையும் ஆஸ்திரேலியாவில் பிறந்த இரண்டு குழந்தைகளையும் அதிகாரிகள் அழைத்துச் சென்றனர். பிறகு கிறிஸ்துமஸ் தீவு முகாமில் வைத்தனர்.

'அவர்களை எங்கள் ஊருக்கே திருப்பி அனுப்புங்கள்' என்று பிலோயலா மக்கள் 'ஹோம் டு பிலோ' இயக்கத்தை நடத்தினார்கள். நான்கு ஆண்டுகள் விடவில்லை. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் கிடைத்தது. ஒருவரையொருவர் நம்பி வாழும் சிற்றூரில், அக்கம்பக்கத்து வீட்டுக்காரரை அவ்வளவு எளிதாக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

கிளம்பும் முன் கவனிக்க...

* நம் ஊரைப்போலவே அங்கும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்ட வேண்டும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருப்பது நல்லது.

* உட்பகுதிகளுக்கும் வடபகுதிக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம். மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுப்பூக்களைக் காண ஆகஸ்ட், செப்டம்பரில் போகலாம். முல்லேவா பக்கம் மலர்வளையம்போல வட்டமாகவே பூக்கும் ஒரு செடி உண்டு. அந்த வாரம் எங்கே பூத்திருக்கிறது என்பதை ஊர்த் தகவல் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

* இருட்டும் நேரத்திலும் விடியலிலும் ஓட்ட வேண்டாம். கங்காருக்கள் குறுக்கே பாயும் நேரம் அது.

* வாடகை வேன்களைப் பெரும்பாலும் மண் சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

* வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுகிறவர்களுக்கு மனிதரைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும். கூடுதல் குடிநீர் எப்போதும் இருக்கட்டும். அவசர எண் 000.

* பழங்குடியினரின் நிலங்கள் பலவற்றுக்குள் நுழைய முன் அனுமதி தேவை.

* மாநில எல்லைகளில் பழம், காய்கறி, தேன் போன்றவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எல்லைக்கு முன்பே சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.

* பட்ஜெட் குறைவா? ஒரு ஊரில் விடப்பட்ட வேனை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, சில வாடகை நிறுவனங்கள் நாளொன்றுக்கு ஒரு டாலர் வாடகைக்குக்கூடத் தருவதுண்டு. நாள் கணக்கு மட்டும் கறாராக இருக்கும்.

கடைசியாக, பெட்டியில் ஒரு மடக்கு நாற்காலி கூடுதலாக இருக்கட்டும். உங்களுக்கு ஒன்று போதும். இன்னொன்று, சாயங்காலம் பேச வரப்போகிறவருக்கு!