தங்கப் பனை யாருக்கு?

கேன்ஸ் படவிழா என்றாலே நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது சிவப்புக் கம்பளமும், அதில் நடிகைகள் தரையைக் கூட்டிக்கொண்டு போகும் நீள நீளமான கவுன்களும்தான். மறுநாள் பேப்பரில் அந்தப் போட்டோவைத்தானே பெரிதாகப் போடுகிறார்கள்! உள்ளே இருட்டில் உட்கார்ந்து படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒன்பது பேரைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. எனக்கென்னவோ அந்த ஒன்பது பேர் கதைதான் சுவாரஸ்யம்.

ஊர், பிரான்ஸின் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது "கான்". விழா பிறந்ததே ஒரு பரிசுச் சண்டையில். 1938-ல் இத்தாலியிலுள்ள வெனிஸ் படவிழாவில், ஹிட்லரையும் முஸோலினியையும் திருப்திப்படுத்துவதற்காக மேலிடத்து நெருக்கடியில் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பெரிய பரிசு போயிற்று. 'இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டாம், நாமே ஒரு விழா நடத்திவிடுவோம்' என்று பிரான்ஸ் கிளம்பியது. 1939 செப்டம்பர் 1-ந் தேதி நாள் குறித்தார்கள். அன்றைக்கென்று ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. அப்புறம் எங்கே விழா? யுத்தமெல்லாம் முடிந்து 1946-ல்தான் நடந்தது. அந்த முதல் விழாவிலேயே நம் சேதன் ஆனந்தின் 'நீச்சா நகர்', பெரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினோரு படங்களில் ஒன்றாக வந்தது தெரியுமோ? பத்து வருஷம் கழித்து, 1956-ல், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யும் அங்கே தனிப் பரிசு வாங்கியது.

ஆரம்பத்தில் எந்தப் படம் போவது என்பதை அந்தந்த நாடுகளே முடிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தன. சிபாரிசுக்குக் கேட்பானேன்! 1972-லிருந்து விழாக்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போதெல்லாம் வருஷத்துக்கு இரண்டாயிரம் படங்களுக்கு மேல் வந்து குவிகின்றன. முக்கியப் போட்டிக்கு எடுப்பது ஏறக்குறைய இருபது, இருபத்திரண்டு. மூட்டை அரிசியைப் புடைத்து ஒரு கைப்பிடி எடுக்கிற கதைதான்.

நடுவர்கள் வருஷா வருஷம் புதிது. டைரக்டர், நடிகை, நடிகர், எழுத்தாளர் என்று கலந்திருப்பார்கள், ஒருவர் தலைவர். பத்துப் பன்னிரண்டு நாளில் அத்தனை படத்தையும் பார்த்தாக வேண்டும். எது பிடித்தது என்று வெளியில் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி நாள் ஒரு பங்களாவில் எல்லோரையும் உட்கார வைத்து, டெலிபோனையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்களாம். எங்கள் தெரு மார்கழிக் கோலப் போட்டிக்கு ஒரு தரம் மூன்று பேர் நடுவராக இருந்தோம். புள்ளிக் கோலத்துக்கா, ரங்கோலிக்கா என்று முடிவு கட்டுவதற்குள் காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது. பல தேசத்து ஒன்பது பேர் என்றால் கேட்க வேண்டுமா!

முதல் பரிசுதான் தங்கப் பனை. 1955-ல் வந்தது. இப்போது கொடுப்பதில் 118 கிராம் தங்கம் இருக்கிறது. நம் கணக்குக்குப் பதினாலே முக்கால் பவுன். ஆனால் 18 காரட். இரண்டாவது பரிசுக்கு 'கிராண்ட் பிரி' என்று பெயர். 'பெரும் பரிசு' என்று அர்த்தம் என்பதால் அதையே முதல் பரிசு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆதியில் அப்படித்தான் இருந்தது, பிறகு மாறிவிட்டது.

சரி, பெண்கள் கதைக்கு வருவோம். நடுவர் குழுவுக்கு ஒரு பெண் தலைமை தாங்கியது முதன்முதலில் 1965-ல், நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட். பரிசு வாங்குவதுதான் மலையாயிருந்தது. 1993-ல் ஜேன் கேம்பியன் 'தி பியானோ'வுக்கு வாங்கினார்; அதுவும் ஒரு சீனப் படத்தோடு பாதிப் பாதி. அடுத்த பெண்ணுக்குக் கிடைக்க 28 வருஷம்! 2021-ல் ஜூலியா டுகூர்னோ, 2023-ல் ஜஸ்டின் ட்ரியே. ஆக மூன்றே பேர். 2018-ல் தலைவராக இருந்த கேட் பிளான்செட், 82 பெண்களில் ஒருவராகக் கைகோத்துப் படியில் நின்றார். அதுவரை போட்டியில் இடம் பெற்ற பெண் டைரக்டர்கள் அவ்வளவுதான், ஆண்களோ ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் என்று காட்டத்தான். இதே இடத்தில் 2015-ல், குதிகால் உயர்ந்த செருப்புப் போடவில்லை என்று சில பெண்களைக் கம்பளத்திலேயே நிறுத்தியதாகப் பெரிய ரகளை ஆனது. முட்டி வலிக்காரர்கள் என்ன செய்வார்களோ, பாவம்!

நமக்குச் சந்தோஷ சேதி 2024-ல் வந்தது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' இரண்டாவது பரிசை வாங்கிவிட்டது. 1994-ல் ஷாஜி கருணின் 'ஸ்வாஹம்' போனதற்குப் பிறகு, முப்பது வருஷத்தில் முக்கியப் போட்டிக்குப் போன முதல் இந்தியப் படம் இது. பம்பாயில் நர்ஸ் வேலை பார்க்கும் இரண்டு மலையாளப் பெண்கள், ஆஸ்பத்திரியில் சமையல் செய்யும் ஒரு மராத்தி அம்மாள். பெரிய நர்ஸ் பிரபாவின் புருஷன் ஜெர்மனியில். பேச்சு வார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஒரு நாள் தபாலில், அனுப்பியவர் பேர் இல்லாமல் ஒரு ரைஸ் குக்கர் வருகிறது, ஜெர்மனியில் செய்தது. ராத்திரி தனியாகத் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். வசனம் கிடையாது. சமையலறையில் பொழுதைக் கழிக்கிற நமக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். அந்த வருஷ நடுவர் ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்கள், தலைவி கிரேட்டா கெர்விக். குக்கர் அவர்கள் கண்ணில் பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இங்கே நம் ஊரில் ஆஸ்காருக்கு அனுப்ப வேறு நடுவர்கள் உட்கார்ந்தபோது 'லாபதா லேடீஸ்' படத்தை எடுத்தார்கள். அதுவும் ஒரு பெண், கிரண் ராவ், எடுத்த நல்ல படம்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் என் ஓட்டு குக்கருக்குத்தான்!

2025-ல் ஜூலியட் பினோஷ் தலைமையில் நடுவர்கள் அமர்ந்தபோது, பாயல் கபாடியாவும் அந்த ஒன்பதில் ஒருவர். அந்த முறையும் ஐந்து பெண்கள். தங்கப் பனையை, ஈரானில் சிறைக்குப் போய், படமெடுக்கக் கூடாதென்று தடை போடப்பட்டும் எடுத்துக்கொண்டேயிருந்த ஜாபர் பனாஹிக்குக் கொடுத்தார்கள்.