ஆல்டர்நேட்டரில் தேய்வது எது?

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பேட்டரிக்கு இழைக்கும் அநீதி ஒன்று உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகிவிட்டு நின்றுபோகிறது; நாலு பேர் கூடித் தள்ளி வண்டியைக் கிளப்புகிறார்கள்; மறுநாளும் அதே கதை நடந்தால், பேட்டரி செத்துவிட்டது என்று தீர்மானித்துப் புதிது வாங்கிப் போடுகிறார்கள்; அந்தப் புதிய பேட்டரியும் சில நாட்களில் சோர்ந்து விழுந்த பிறகுதான், அதற்கு ஓயாமல் சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆல்டர்நேட்டர் என்ற யந்திரம் ஒன்று என்ஜினின் பக்கவாட்டில், ஃபேன் பெல்ட்டின் இழுப்பில், எண்ணெய்ப் பிசுக்கேறிச் சுழன்றுகொண்டிருப்பது அவர்களுக்கு ஞாபகம் வருகிறது. அப்போதும் முதலில் தோன்றும் யோசனை, அதை முழுசாகக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்டுவதுதான். இந்த யோசனை பெரும்பாலும் தவறு என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஓர் ஆல்டர்நேட்டரின் எடையில் பெரும்பகுதி இரும்பும் தாமிரமும் அலுமினியமும் ஆகும். அவை வண்டியின் ஆயுளையும் தாண்டி நிற்கக்கூடியவை. தேய்பவையோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சில சில்லறைச் சாமான்கள். எது தேய்ந்தது, எது தேயாமல் நிற்கிறது என்று பிரித்தறியும் விவேகம் இருந்தால், பொறுமையுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே அதற்குப் புத்துயிர் கொடுத்துவிடலாம்.

அம்பாஸிடர் காரையே உதாரணமாகக் கொள்வோம். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1958-லிருந்து 2014 வரை உற்பத்தியான அந்த வண்டியின் ஆரம்ப கால மாடல்களில் டைனமோவே இருந்தது. பிற்பாடு வந்தவற்றில்தான் ஆல்டர்நேட்டர் இடம்பெற்றது. 1960-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் ஆல்டர்நேட்டரைப் பொருத்தியது. பிரிட்டனில் லூகாஸ் நிறுவனம் ஏ.சி.ஆர். என்ற வரிசையை உருவாக்கியது. அந்த லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டாக 1961-ல் தொடங்கிய நிறுவனம் சென்னை பாடியில் ஆலை அமைத்து, இந்திய வண்டிகளுக்கு வேண்டிய மின்சாதனங்களைத் தயாரிக்கலாயிற்று. கீழே நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த ஏ.சி.ஆர். குடும்பத்து யந்திரங்களை மனத்தில் வைத்துச் சொல்வது; ஆனால் அக்காலத்து மற்ற ஆல்டர்நேட்டர்களும் தத்துவத்தில் இதிலிருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல.

காந்தப்புலம் மாறுமிடத்தில் வைத்த கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831-ல் கண்டறிந்தாரல்லவா? டைனமோ, ஆல்டர்நேட்டர் இரண்டும் அந்த ஒரே உண்மையின் குழந்தைகள்தாம். டைனமோவில் காந்தம் அசையாமல் நிற்க, சுருள்கள் சுழன்றன. ஆகவே பிறந்த மின்சாரம் முழுவதும், அதாவது இருபது ஆம்பியருக்கும் மேற்பட்ட கனத்த ஓட்டம் முழுவதும், சுழலும் செப்புத் துண்டுகளின் மேல் உரசிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ்களின் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. பொறி பறந்தது, பிரஷ் கரைந்தது, மெதுவாக ஓடும்போது சார்ஜும் ஏறவில்லை. ஆல்டர்நேட்டரை வகுத்தவர்கள் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதில் சுழல்வது காந்தம்; நிற்பது சுருள். ரோட்டார் என்னும் சுழலும் பாகத்தில் ஒரே ஒரு கம்பிச் சுருளும், அதை இருபுறமும் பொதிந்து இரு கைகளின் விரல்களைக் கோத்தாற்போல் நிற்கும் பன்னிரண்டு இரும்புத் துருவங்களும் உள்ளன. அந்தச் சுருளைக் காந்தமாக்கச் சுமார் 3 ஆம்பியர் போதும்; அந்தச் சொற்ப மின்சாரத்தை மட்டுமே இரண்டு பிரஷ்கள், ஸ்லிப் ரிங் என்னும் இரண்டு செப்பு வளையங்களின் மேல் உரசிக் கொண்டு சேர்க்கின்றன. 17 ஏ.சி.ஆர். என்ற மாடல் தரும் 36 ஆம்பியரோ, சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரிலிருந்து உராய்வே இல்லாமல் கம்பி வழியாக வெளிவந்துவிடுகிறது. பிரஷ்களின் ஆயுள் இத்தனை நீண்டதற்கு இதுவே காரணம்.

ஸ்டேட்டரில் பிறப்பது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்சாரம். என்ஜின் நிமிஷத்துக்கு 1000 சுற்றுச் சுற்றும்போது, புல்லியின் அளவு வித்தியாசத்தால் ரோட்டார் சுமார் 2000 சுற்றுச் சுற்றுமானால், அம்மின்சாரம் விநாடிக்கு 200 முறை அலைகிறது. நம் வீட்டு மின்சாரம் அலைவது 50 முறைதான். பேட்டரிக்கு இப்படி அலையும் மின்சாரம் உதவாதாகையால், ஒரே திசையில் மட்டும் வழிவிடும் டையோடுகள், பெரியவை ஆறும் சிறியவை மூன்றுமாக ஒன்பது, அதை நேர்ப்படுத்துகின்றன. அந்தச் சிறிய மூன்றும் ரோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருபவை. என்ஜின் கிளம்பும் முதல் கணத்தில் அந்தத் துளி மின்சாரம்கூட ஆல்டர்நேட்டரில் பிறந்திருக்காது. டாஷ்போர்டில் சிவப்பாக எரியும் 2.2 வாட் பல்பின் வழியாகத்தான் அது பேட்டரியிலிருந்து வர வேண்டும். இந்த ஒரு நுட்பத்தை அறியாமல் நல்ல ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர். முப்பது வருஷமாக இதே வேலையில் ஊறிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், வண்டியைக் கொண்டுவந்தவர் ஆல்டர்நேட்டரைச் சுட்டிக்காட்டும் முன்பே, "சார், சாவியைப் போட்டா பல்ப் எரியுதா, அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்பதைக் கவனித்திருக்கிறேன். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. சாவி போட்டும் பல்ப் எரியாவிட்டால், பல்ப் போயிருக்கலாம், பிரஷ் தேய்ந்து வளையத்தைத் தொடாமல் நிற்கலாம், ரோட்டார் சுருள் அறுந்திருக்கலாம். என்ஜின் ஓடும்போதும் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தால் டையோடின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை உறைமேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டால் கரகரவென்று ஒலி வருமாயின், பேரிங் போய்விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி வயரைப் பிடுங்கிப் பார்த்து, வண்டி நிற்காவிட்டால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது என்று முடிவு கட்டும் வழக்கம் டைனமோ காலத்திலிருந்து இன்றுவரை பட்டறைகளில் தொடர்ந்துவருகிறது. ஆல்டர்நேட்டரில் இதைச் செய்தால், தாங்குவதற்குப் பேட்டரி இல்லாத அந்தக் கணத்தில் வோல்டேஜ் திடீரென்று எகிறி, டையோடுகளும், வோல்டேஜை அளவோடு நிறுத்தும் ரெகுலேட்டரும் ஒருசேரப் பொசுங்கிப்போகலாம். ஆல்டர்நேட்டரின் இணைப்பைக் கழற்றாமல் வண்டியின் உடலில் வெல்டிங் வைப்பதும், பேட்டரியை முனை மாற்றி மாட்டுவதும் அதே நாசத்தை விளைவிப்பவை.

சரி, கழற்றுவோம். பேட்டரியின் எர்த் வயரை முதலில் நீக்கிவிட வேண்டும். ஏனெனில் ஆல்டர்நேட்டரின் பெரிய வயரில் சாவி போடாதபோதும் மின்சாரம் உண்டு. வெளியே எடுத்ததும், முன் மூடி, ஸ்டேட்டர், பின் மூடி மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு கீறிக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் வராது. புல்லியின் நட்டைக் கழற்றுவதற்கு ஒரு பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றி, அந்தப் பெல்ட்டோடு வைஸில் இறுக்கிக்கொள்வது நல்லது. புல்லியில் காயம் படாது. தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அரைவட்டச் சாவித்துண்டு உருண்டோடித் தொலையாமல் பத்திரப்படுத்த வேண்டும்.

பின்பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் பிரஷ் பெட்டி தெரிகிறது. பிரஷ்களை இழுத்துப் பார்த்தால், புதிதில் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டிருந்தவை, 5 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் காண்போம். அவற்றை மாற்ற வேண்டியதுதான். அதற்கும் அடியில் ஸ்லிப் ரிங் இருக்கிறது. நான் எல்லாவற்றையும்விட அதிக நேரம் உற்றுப் பார்ப்பது இதைத்தான். எண்ணெய் கசியும் என்ஜினாக இருந்தால், பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த கரித்தூளும் எண்ணெயும் குழைந்து ஒரு கறுப்புப் பசையாக வளையங்களின் மேலும் அவற்றின் நடுவிலுள்ள இடைவெளியிலும் அப்பிக்கிடக்கும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துமாதலால், ரோட்டாருக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தப் பசையின் வழியே குறுக்கே கசிந்துவிடுகிறது. பெட்ரோலில் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுத்ததும், பழுப்பேறிய செப்பின் மேல் பிரஷ் உரசிய பாதை பளபளவென்று ஒரு பட்டையாகத் துலங்கும். நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்காவிட்டால், மிக நயமான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் போதும். எமரித் தாள் கூடாது. அதன் துகள்கள் செப்பில் பதிந்து புதுப் பிரஷ்ஷை அரம்போல் அராவிவிடும். நகம் பள்ளத்தில் விழுமளவுக்குத் தேய்ந்திருந்தால் வளையத்தையே மாற்ற வேண்டும்.

ரோட்டாரின் ஆரோக்கியத்தை மல்டிமீட்டர் சொல்லிவிடும். வளையத்துக்கும் வளையத்துக்கும் இடையே 3-லிருந்து 5 ஓம் வரை காட்டினால் சுருள் சுகமாயிருக்கிறது. வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே இணைப்பே இருக்கக்கூடாது. டையோடுகளைச் சோதிக்க, ஸ்டேட்டரின் மூன்று முனைகளையும் சாலிடர் உருக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும். சூடு டையோடுக்குள் ஏறாதபடி நீண்ட மூக்குக் குறடால் அதன் காலைக் கவ்விக்கொண்டு செய்வது அவசியம். ஒவ்வொன்றும் ஒரு திசையில் வழிவிட்டு மறு திசையில் மறுக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் பேட்டரியோடு ஒரு சிறு பல்பைத் தொடராக இணைத்தே இதைப் பார்த்துவிடலாம். ஸ்டேட்டரின் சுற்றுகளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் சாதாரண மீட்டருக்கு அது புலப்படாது. வார்னிஷ் கறுத்த இடத்தைக் கண்ணும், கருகிய வாடையை மூக்கும்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அப்படிக் கருகியிருந்தால் வீட்டில் முயலாமல், காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோவதே உசிதம்.

பேரிங் மாற்றுவதில்தான் அவசரக்காரர்கள் புதுச் சாமானைக் கெடுக்கிறார்கள். பழையதன் விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் அதையடுத்த எழுத்துகளையும் அப்படியே குறித்துக்கொண்டு போய், அதே எண்ணில் வாங்க வேண்டும். ஏ.சி.ஆர். வகையில் பின்பக்கத்துச் சிறிய பேரிங் ஸ்லிப் ரிங்குக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ரோட்டார் கம்பிகளின் சாலிடரை நீக்கி வளையத்தை உருவிய பிறகே அதற்குப் புல்லர் போட முடியும். தண்டின் மேல் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மூடிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால், சுத்தியடியின் பாரம் முழுவதும் உள்ளேயிருக்கும் குண்டுகளின் வழியே பாய்ந்து ஓடுபாதையில் குழி விழுந்துவிடும். பூட்டிய அன்றே புதுப் பேரிங் இரையத் தொடங்கும். இறங்க மறுத்தால், அலுமினிய மூடியைக் கொதிநீரில் சிறிது நேரம் வைத்து எடுத்தால் போதும். எஃகைவிட அலுமினியம் அதிகமாக விரியுமாதலால், பேரிங் கைவிரலின் அழுத்தத்துக்கே வழிவிடக்கூடும்.

பூட்டும்போது நீளமான போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கி, இடையிடையே தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏற்றி பெல்ட்டை இறுக்குவதற்கு நெம்புகோல் போடும்போது முன் மூடியில்தான் ஊன்ற வேண்டும்; ஸ்டேட்டரிலோ பின் மூடியிலோ ஊன்றினால் அலுமினியம் விரிசல் விடும். பெல்ட்டின் நீண்ட பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் இறுக்குவது பேரிங்குக்குச் செய்யும் துரோகம்; பேரிங்குகள் அகாலத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கடைசியில் மீட்டரைப் பேட்டரியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்கும் முள், சற்றே முடுக்கியதும் 14-க்கு ஏற வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டபின்பும் 13.5-க்குக் கீழே இறங்கலாகாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் பேட்டரியின் நீர் கொதித்து வற்றிவிடும், ஆகவே ரெகுலேட்டரையும் மாற்றிய பின்பே வண்டியை எடுக்க வேண்டும். மீட்டரை ஏ.சி. நிலைக்குத் திருப்பி அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிட்டால், ஒன்பது டையோடுகளில் ஏதேனும் பழுதாயிருக்கிறதோ என்ற சந்தேகமும் பெரும்பாலும் தீரும். பெல்ட்டும் புதிதாக இருந்தால், சில நாள் ஓட்டத்தில் அது கொஞ்சம் நீளும். ஒருமுறை திரும்ப இறுக்கிக்கொள்ள வேண்டும்.