தூண்டில் கற்றுக்கொடுத்த கைகள்

மீன் பிடிக்கும் ஆசை தானாக வருவதில்லை. ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் அதை ஊட்டுகிறார். காவிரியில் அப்படி ஊட்டியவர்களுக்கு இப்போது கரையில் வேலை இல்லை. அவர்கள் காட்டிய மீனும் கிட்டத்தட்ட இல்லை.

புசா ரோடில் ஆறு கிடையாது. தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது, கீழே கரோல் பாக்கிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் வரை கோச்சிங் சென்டர்களும் ஆஸ்பத்திரிகளும். இத்தனைக்கும் சாலையின் பெயரே ஒரு ஆற்றங்கரையிலிருந்து வந்ததுதான். பீகாரில் புடி கண்டக் நதியோரம் உள்ள புசா கிராமத்தில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்தில் இடிந்தது. 1936-ல் அதைத் தில்லிக்குக் கொண்டுவந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது, ஆறு மட்டும் வரவில்லை. இந்தச் சாலையில் வளரும் சிறுவன் மீனைப் பார்ப்பது மார்க்கெட்டில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவில்தான்.

யமுனை ஒன்றும் வெகுதூரத்தில் இல்லை. ஆனால் வஜீராபாதிலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டரில் நதி கிட்டத்தட்டச் சாக்கடை. மொத்த நீளத்தில் இது இரண்டு சதவீதம்கூட இல்லை என்றாலும் நதியின் அசுத்தத்தில் பெரும்பங்கு இங்குதான் சேர்கிறது. ஆக்ரா கால்வாய்க்காகக் கட்டப்பட்ட இதே ஓக்லா அணையருகே ஆங்கிலேயர்கள் மஹ்சீருக்குத் தூண்டில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் இன்றைய தில்லிவாசி சிரிப்பார். தூண்டில் ஆசை உள்ளவர்கள் இப்போது ராத்திரியோடு ராத்திரியாக மலைக்குக் கிளம்ப வேண்டும். கங்கையில் நயார் கலக்கும் வியாஸ் காட், அல்லது ராமகங்கை, இன்னும் துணிந்தவர்களுக்கு நேபாள எல்லையில் காளியும் சரயுவும் சேரும் பஞ்சேஸ்வர்.

பத்து மணி நேரம் பயணம் செய்து, நாள் முழுக்க வெயிலில் நின்று, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி, அடுத்த வாரமும் போகிற பைத்தியம் எங்கிருந்து பிடிக்கிறது? பெரும்பாலும் பத்து வயதுக்குள். அநேகமாக வேறொரு பைத்தியத்திடமிருந்து.

இதற்கு மிகப் பழைய சாட்சி 1653-ல் லண்டனில் வெளிவந்த ஒரு புத்தகம். ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ மீன்பிடி நூல்களில் வேதம் மாதிரி. அது பாடப்புத்தகமாக இல்லாமல் குரு-சிஷ்ய உரையாடலாக எழுதப்பட்டது. தூண்டில்காரன் சொல்லச் சொல்ல, வழியில் சந்தித்த வேட்டைக்காரன் கற்றுக்கொள்கிறான். எர்னஸ்ட் ஹெமிங்வே இதை வாழ்ந்தே பார்த்தவர். மிச்சிகன் ஏரிக்கரையில் டாக்டரான அப்பா சின்ன வயதிலேயே கையில் தூண்டிலைக் கொடுத்தார். 1952-ல் வந்த ‘கிழவனும் கடலும்’ கதையில் சாந்தியாகோவை விட்டு நகர மறுக்கும் சிறுவன், ஐந்து வயதில் அந்தக் கிழவனோடு முதன்முதலாகப் படகேறியவன். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் எங்கிருந்து அந்த உறவை எடுத்தார் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

நம்மூர் உதாரணம் ஜிம் கார்பெட். நைனிதால் போஸ்ட்மாஸ்டரின் மகன். அப்பா 1881-ல் இறந்தபோது பையனுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அண்ணன் டாம் துப்பாக்கியைக் கற்றுக்கொடுத்தார். காட்டைக் கற்றுக்கொடுத்ததோ குன்வர் சிங், காலாதுங்கி வட்டாரத்தில் ஒரு கிராமத் தலைவர். அங்கே அவரைவிடத் திறமையான கள்ள வேட்டைக்காரர் இல்லை என்றும் கார்பெட்டே எழுதுகிறார். புலி வேட்டைக்காரராக உலகம் அறிந்த கார்பெட், 1944-ல் வெளியான ‘குமாவூன் ஆட்கொல்லிகள்’ நூலின் நடுவே ஒரு அத்தியாயத்தை மஹ்சீருக்காக ஒதுக்கினார். ஆட்கொல்லிகளுக்கிடையே ஒரு மீனுக்கு இடம் கொடுத்தவரின் ஆசை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்!

துரைமார்களின் புத்தகங்களில் ஒரு விசித்திரம். மெட்ராஸ் சிவில் சர்வீசைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார், 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகம். எந்தக் கொக்கி, எந்த நூல், எந்த மீன் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் எந்த மடுவில் மீன் நிற்கும் என்பது சீமையிலிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கரையில் நின்ற ஒருவர் விரல் நீட்டிக் காட்டியிருக்க வேண்டும். குன்வர் சிங்குக்குக் கிடைத்த மாதிரி பெயரோடு ஒரு இடம் அந்த விரல்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்குப் புத்தகமே தேவைப்பட்டதில்லை. மூங்கில் குச்சி, நூல், மயிலிறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ கூட்டிப்போவார். முதலில் சொல்லித்தருவது ‘பேசாதே’ என்பது. தக்கை ஆடினால் இழுக்காதே, முங்கினால் இழு என்பது அடுத்த பாடம். கெண்டை வெடுக்கென்று கொத்தும், கெளுத்தியின் முள் குத்தினால் கடுக்கும், விரால் குஞ்சுகளோடு இருந்தால் விட்டுவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்தாலும் இது மறப்பதில்லை.

இந்தப் பாடத்தின் மேல்படிப்பு காவிரியில் இருந்தது. கர்நாடகத்தில் சங்கமாவிலிருந்து ஒகேனக்கல் நோக்கி வரும் வழியில் ஆறு பாறைகளுக்கிடையே சுழன்று ஓடுகிறது. முதுகில் திமில் போல் உயர்ந்த மஹ்சீருக்கு அதுதான் வீடு. காவிரியும் அதன் கிளை நதிகளும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946-ல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. பாடம் செய்த புலிகளுக்காகப் பேர்போன குடும்பம் அது. அந்த எடை இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையாகப் பேசப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் துரைமார்கள் கிளம்பினார்கள். அந்த மீனும் போய்விட்டதாகவே வெளியுலகம் நினைத்தது. 1970-களின் கடைசியில் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் வந்து தேடியபோது மீன் அங்கேயே இருந்தது. அதில் ஒருவர் பிடித்தது 92 பவுண்டு. பிறகு வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் வரிசையாக வந்தார்கள். பின்னாளில் ‘ரிவர் மான்ஸ்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரால் பிரபலமான ஜெரமி வேடுக்கும் முதல் அயல்நாட்டுப் பயணம் 1982-ல் இந்திய நதிகளுக்குத்தான். இங்கிலாந்தில் ஸ்டூர் ஆற்றங்கரையில் தூண்டிலோடு வளர்ந்த பையன் அவர்.

வந்தவர்களுக்கு விலை உயர்ந்த கம்பும் ரீலும் இருந்தன. ஆனால் ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஒரு பகுதி ஆற்றைக் குத்தகைக்கு எடுத்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும், பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகலி ஆகிய இடங்களில் முகாம் நடத்திய கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தன. திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் சம்பளத்துக்கு வைத்தன. வலையும் வெடியும் வைத்தவர்களுக்குத்தான் பெரிய மீன் எங்கே படுத்திருக்கும் என்பது அத்துப்படி.

அவர்கள் நடத்திய பாடம் எளிமையானது. ராகிக் களியை வேகவைத்து, இறுகப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையாகக் கொக்கியைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். அதைப் பாறை இடுக்கின் ஓரத்தில் போட்டுவிட்டு நூலை விரலிடுக்கில் பிடித்தபடி உட்கார வேண்டும். முதலில் வரும் சில்லறைத் துடிப்புகள் சிறு மீன்கள், பொருட்படுத்தக் கூடாது. மஹ்சீர் வாயில் வாங்கியதும் வேறு மாதிரி இழுக்கும். தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டின் ஓட்டையே நொறுக்கும் மீன் அது. முதல் ஓட்டத்தில் நூறு கஜம் நூலை உருவிக்கொண்டு போகும். நூல் பாறையில் சிக்கினால் பரிசலை இறக்கி மீனின் பின்னாலேயே சுழன்று போக வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கரைக்குக் கொண்டுவந்த பின் போட்டோ எடுத்து, எடை குறித்து, நீரோட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்து நிறுத்தி, மூச்சு திரும்பியதும் விட்டுவிட வேண்டும். பிடித்ததை விடுவது இந்தத் தொழிலுக்கு வந்த புதிய பாடம். ஒரு காலத்தில் வெடி வைத்த கைகள் அதைச் செய்துகாட்டின.

இனித்தான் சிக்கல். இந்த மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். மகாராஷ்டிராவில் லோனாவாலாவில் டாடா மின்நிறுவனம் 1970-களிலிருந்து மஹ்சீர் குஞ்சு பொரித்து வந்தது, நாட்டிலேயே முன்னோடியான பண்ணை. அங்கிருந்து காவிரிக்கும் குஞ்சுகள் வந்தன. ஆனால் அவை நீலத்துடுப்பு மஹ்சீர், தக்காணத்து நதிகளின் மீன். மஹ்சீர் என்றால் மஹ்சீர்தானே என்று விட்டார்கள். புதிதாக வந்தது பெருகியது, சொந்தக்காரன் குறைந்தான்.

இது தெரியவந்ததே தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளால்தான். காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட ஆறாயிரத்துக்கும் அதிகமான மஹ்சீர்களின் கணக்கு எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் போர்ன்மத் பல்கலைக்கழக விஞ்ஞானி ஏட்ரியன் பின்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் அதை அலசியபோது மொத்த எண்ணிக்கை ஏறியிருந்தது, திமில் மஹ்சீரின் பங்கு சரிந்திருந்தது. ஆய்வு 2015-ல் வெளிவந்தது.

அதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுபோயிருந்தது. அந்தப் பகுதி 1987-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்தில் விளையாட்டுக்காக மீன் பிடிக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டில், 2012-க்குள் கம்புகள் மூட்டை கட்டப்பட்டன. சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. புலிக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ஆற்றைத் தினமும் கண்காணித்த வழிகாட்டிகளும் சேர்ந்தே வெளியேறினார்கள். அதன் பின் வலையும் வெடியும் மீண்டும் தலைகாட்டுவதாகத் தகவல்கள் வந்தன. மேட்டூர் உட்பட அணைகள், மணல் கொள்ளை, வறண்ட கோடைகள் ஏற்கெனவே இருந்த தொல்லைகள்.

இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்கு அறிவியலில் சரியான பெயர்கூட இல்லாமல் இருந்தது. தாமஸ் புத்தகம் எழுதி 145 ஆண்டுகள் கழித்து, 2018-ல்தான் குழப்பம் தீர்ந்தது. கேரள எல்லையிலிருந்து அமராவதியில் வந்து சேரும் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து ‘டார் ரெமாதேவி’ என்றொரு இனத்தை வர்ணித்திருந்தார்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த ரெமா தேவியைக் கௌரவித்து வைத்த பெயர். அதுவும் காவிரியின் திமில் மஹ்சீரும் ஒன்றே என்று பின்டர், ராகவன் குழுவினர் நிரூபித்தார்கள். பெயர் கிடைத்த அதே ஆண்டு நவம்பரில் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் ‘மிக ஆபத்தான நிலை’ என்ற வகையில் மீன் இடம்பிடித்தது.

வடக்கிலும் நிம்மதி இல்லை. தில்லிக்காரர்கள் தேடிப்போகும் பஞ்சேஸ்வரில் 300 மீட்டருக்கும் அதிக உயரமான அணை கட்ட இந்தியாவும் நேபாளமும் 1996-ல் ஒப்பந்தம் செய்தன. அணை இன்னும் எழவில்லை. எழுந்தால் சங்கமமே நீருக்கடியில் போய்விடும்.

திமில் மஹ்சீரை அடையாளம் காண உதவிய மாதிரிகள் கிடைத்தது தமிழ்நாட்டில், மோயாற்றில். முதுமலையின் ஓரமாக ஓடிப் பவானிசாகர் அணையில் விழும் இந்த ஆறு, சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. தூண்டிலோடு யாரும் அங்கே நுழைய முடியாது. பீமேஸ்வரியில் இப்போது சுற்றுலாப் பயணிகள் பரிசலில் ஒரு சுற்று வந்து, முதலை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள்.